காலியாகாத வயிற்றுக்குப் பின்னால் ஒரு நரம்பு

நேற்று இரவு சாப்பிட்டது இன்று காலை வாந்தியில் அப்படியே வருகிறது. நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்து பந்து மாதிரி உப்பிக்கொள்கிறது. குமட்டல் நாள் முழுக்கக் கூடவே இருக்கிறது. எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தால் புண் இல்லை, கட்டி இல்லை, அடைப்பும் இல்லை. ஆனால் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு வந்தவரின் இரைப்பைக்குள் முந்தைய வேளைச் சாப்பாடு இன்னும் கிடக்கிறது. வழி திறந்துதான் இருக்கிறது. உள்ளே இருப்பதுதான் நகரவில்லை. மருத்துவத்தில் இதற்குக் காஸ்ட்ரோபரேசிஸ் என்று பெயர். தமிழில் இரைப்பை வாதம் என்று எழுதுகிறார்கள். நோயாளிகளில் பலர் ‘கேஸ்’ என்று சொல்லிக்கொண்டே சில வருடங்களை ஓட்டிவிட்டுத்தான் இந்தப் பெயரைக் கேள்விப்படுகிறார்கள்.

இதே ஆளிடம் கொஞ்சம் துருவிக் கேட்டால் வேறு சில விஷயங்களும் வெளியே வரும். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு 100ஐத் தொடுகிறது. சாப்பிட உட்கார்ந்தால் முகமும் கழுத்தும் வியர்த்துக் கொட்டுகின்றன. பாதங்களோ ஒரு சொட்டு வியர்வை இல்லாமல் காய்ந்து வெடித்திருக்கின்றன. சிறுநீர் கழித்த பிறகும் பாக்கி இருப்பது போலவே இருக்கிறது. இதையெல்லாம் அவர் வயிற்று டாக்டரிடம் சொல்வதில்லை. வயிற்றுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறார். டாக்டரும் பல நேரம் கேட்பதில்லை.

சம்பந்தம் இருக்கிறது. இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், வியர்வை, சிறுநீர்ப்பை, கண்ணின் பாவை, இரைப்பை எல்லாம் நம் சம்மதத்தைக் கேட்காமல் ஓடுபவை. இவற்றை ஓட்டுவது தானியங்கு நரம்பு மண்டலம். அவசரத்துக்கு உடம்பை முடுக்கிவிடும் பரிவு நரம்புகள் அதில் ஒரு பாதி; ஓய்வுக்கும் செரிமானத்துக்கும் உடம்பைத் தணிக்கும் எதிர்ப்பரிவு நரம்புகள் மறு பாதி. காலியாகாத வயிறு பல பேரிடம் இந்த நரம்பு மண்டலம் தடுமாறுவதன் ஓர் அடையாளம். பல பேரிடம் என்றுதான் சொல்கிறேன், எல்லோரிடமும் என்று இல்லை. ஏன் அப்படி என்பதற்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

பெயரோடு பிறந்த புதிர்

1958இல் பால் கசாண்டர் என்ற மருத்துவர் சர்க்கரை நோயாளிகள் சிலரின் இரைப்பையில் உணவு தேங்கி நிற்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ‘காஸ்ட்ரோபரேசிஸ்’ என்ற சொல் அதில்தான் புழக்கத்துக்கு வந்தது. அந்தக் கட்டுரையின் தலைப்பில் இன்னொரு சொல்லும் இருந்தது: ‘அறிகுறி இல்லாத’. அதாவது அவர் விவரித்தவர்களுக்கு வயிறு காலியாகவில்லை, ஆனால் அதனால் பெரிய தொல்லையும் இல்லை. இன்று இந்தப் பெயரைக் கேட்டாலே ஓயாத வாந்திதான் நினைவுக்கு வருகிறது. பெயர் சூட்டப்பட்டதோ வாந்தியே எடுக்காதவர்களைப் பார்த்து!

தேக்கம் இருந்தும் தொல்லை இல்லாதவர்கள் உண்டு. தேக்கம் லேசாகத்தான் இருக்கும், ஆனால் சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுபவர்களும் உண்டு. 65 வருடங்களுக்கு மேல் ஆகியும் இந்தப் பொருத்தமின்மைதான் இந்த நோயின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. வயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது அவிழாது.

இரைப்பைக்கு யார் உத்தரவு போடுகிறார்கள்?

இரைப்பையை வெறும் பை என்று நினைத்துவிடக் கூடாது. மேல்பாதி கிடங்கு, கீழ்ப்பாதி அரவை ஆலை, கடைசியில் ஒரு கதவு. சாப்பாடு உணவுக்குழாயில் இறங்கும்போதே கிடங்கு தளர்ந்து இடம் கொடுக்கிறது. அளவு கூடினாலும் உள்ளே அழுத்தம் ஏறுவதில்லை. அதனால்தான் ஒரு முழுச் சாப்பாட்டை இறுக்கம் தெரியாமல் சாப்பிட முடிகிறது. கீழ்ப்பாதி நிமிடத்துக்கு 3 அலை என்ற கணக்கில் பிசைந்து அரைக்கிறது. பைலோரஸ் என்ற கதவு 1, 2 மில்லிமீட்டர் அளவுக்கு அரைபட்டதைத்தான் சிறுகுடலுக்குள் விடும். பெரிதாக இருப்பது மறுபடி அரவைக்கே திரும்பும். திரவத்துக்கு இந்த வரிசை எல்லாம் கிடையாது, வந்த சூட்டோடு வெளியேற ஆரம்பித்துவிடும். திட உணவு அரைபட்டு வெளியே எட்டிப் பார்க்கவே நேரம் பிடிக்கும்.

எல்லாம் போன பிறகு, வெறும் வயிற்றில், ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு பலமான அலை இரைப்பையிலிருந்து கிளம்பிக் குடல் வழியே போகும். அரைபடாத நார், தோல் போன்றவற்றை அதுதான் கூட்டித் தள்ளுகிறது. சாப்பிட்டு ரொம்ப நேரம் கழித்துக் கேட்கும் அந்தக் கடமுடா சத்தத்தில் இதற்கும் பங்கு உண்டு. இந்த அலை ஓய்ந்துபோனவர்களுக்கு நார்க் குப்பை இரைப்பையிலேயே உருண்டு திரண்டு கட்டியாகிவிடுவதும் நடக்கிறது.

இந்த வேலைகளுக்கு மேலிடத்து உத்தரவு வருவது வேகஸ் நரம்பு வழியாக. மூளை நரம்புகளில் பத்தாவது, எதிர்ப்பரிவு நரம்புகளில் முக்கியமானது. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு ‘அலைந்து திரிவது’ என்று பொருள், பொருத்தமான பெயர்தான். முகுளத்தில் கிளம்பி, கழுத்தில் பெரிய ரத்தக் குழாய்களோடு ஒட்டி இறங்கி, இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கிளை கொடுத்து, உணவுக்குழாயைப் பற்றிக்கொண்டே உதரவிதானத்தைத் தாண்டி இரைப்பைக்கு வருகிறது. உணவின் வாசனையிலேயே அது வேலையைத் தொடங்கிவிடும்.

வேகஸ் என்றால் வயிற்றை முடுக்குவது, பரிவு நரம்பு என்றால் நிறுத்துவது என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். பாதி சரி. வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் ஆராய்ச்சியாளர் 1890களின் கடைசியில் பூனைகளுக்கு பிஸ்மத் கலந்த உணவைக் கொடுத்து, அப்போதுதான் புதிதாக வந்திருந்த எக்ஸ்ரே வழியாக இரைப்பை அசைவதைப் பார்த்தார். பூனை மிரண்டு தவித்தால் அலைகள் சட்டென்று நின்றன. சமாதானமானதும் மீண்டும் வந்தன. பரிவு நரம்பு வயிற்றை நிறுத்துவது அப்படிக் கண்ணுக்கே தெரிந்தது. பயத்தையும் சினத்தையும் உடம்பு எப்படி எதிர்கொள்கிறது என்ற அவருடைய பிற்கால ஆராய்ச்சிக்கு விதையே இந்தப் பூனைகள்தான்.

ஆனால் வேகஸின் வேலை முடுக்குவது மட்டும் இல்லை. கிடங்கைத் தளர வைப்பதும் அதுதான். அரவைக்கு அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தின் வழியாகவும், தளர்வுக்கு நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும் உள்ளூர் நரம்புகளின் வழியாகவும் ஒரே நரம்பு இரண்டு நேர் எதிரான உத்தரவுகளை அனுப்புகிறது. அதனால் வேகஸ் பழுதானால் கெடுவது ஒன்றல்ல. கிடங்கு தளராது, நாலு வாயில் வயிறு நிறையும். அரவை தளரும், திட உணவு தேங்கும். கதவு சரியான நேரத்தில் திறக்காது. மூன்றும் ஒரே ஆளிடம் ஒரே அளவில் கெடுவதில்லை. ‘மெதுவாகக் காலியாகிறது’ என்ற ஒற்றை வரி ரிப்போர்ட்டுக்குப் பின்னால் இப்படிப் பல கதைகள் ஒளிந்திருக்கும்.

வேண்டுமென்றே வெட்டிப் பார்த்த காலம்

வேகஸ் இல்லாவிட்டால் இரைப்பை என்ன ஆகும் என்பது யூகமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. 1943இல் சிகாகோவில் லெஸ்டர் டிராக்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் வயிற்றுப்புண்ணுக்குச் சிகிச்சையாக வேகஸ் நரம்பை வெட்டிவிட ஆரம்பித்தார். அமிலத்தைச் சுரக்கச் சொல்லும் நரம்பை வெட்டினால் புண் ஆறும் என்பது கணக்கு. புண் ஆறியது. ஆனால் பலருக்குச் சாப்பாடு வயிற்றிலேயே தங்கியது. உப்புசம், அழுகிய நாற்றத்தோடு ஏப்பம், வாந்தி. அதற்கப்புறம் நரம்பை வெட்டும்போதே பைலோரஸையும் அகலப்படுத்துவதோ, இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் இடையே புது வழி வைப்பதோ வழக்கமாகிப்போனது.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் ஹெலிகோபாக்டர் கிருமி பற்றிய கண்டுபிடிப்பும் வந்து அந்த அறுவை சிகிச்சையை ஏறக்குறைய ஓரங்கட்டிவிட்டன. அது விட்டுப்போன பாடங்கள் இன்றும் உதவுகின்றன.

முதல் பாடம்: வேகஸ் வெட்டப்பட்டவர்களுக்குத் திட உணவு தாமதமானது, திரவமோ முன்னைவிட வேகமாக வெளியேறியது. கிடங்கு தளராததால் உள் அழுத்தம் ஏறி, திரவத்தை வெளியே தள்ளியது. ஆக, நரம்புக் கோளாறு என்றால் எல்லாமே மெதுவாகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொரு பாடம்: வெட்டிய பிறகு சிலருக்கு மாதக்கணக்கில் நிலைமை தேறியது. நரம்பு திரும்ப ஒட்டிக்கொண்டதால் என்று சொல்ல முடியாது. இரைப்பைச் சுவருக்குள்ளேயே தனியாக ஒரு நரம்பு வலை இருக்கிறது. குடல் முழுக்கப் பல கோடி நரம்பு செல்கள். ‘தானியங்கு நரம்பு மண்டலம்’ என்ற பெயரை 1898இல் வைத்த ஜான் லாங்லி, இந்த வலையைப் பரிவு, எதிர்ப்பரிவு இரண்டிலும் சேர்க்காமல் மூன்றாவது பிரிவாகவே வைத்தார். தலைமைச் செயலகத்தோடு தொடர்பு அறுந்தாலும் உள்ளூர் நிர்வாகம் ஓரளவு வண்டியை ஓட்டும் என்று சொல்லலாம்.

நிமிடத்துக்கு 3 என்ற அந்தத் தாளத்தையும் வேகஸ் போடுவதில்லை. கஜல் செல்கள் என்ற தனி வகை செல்கள் போடுகின்றன. 1906இல் நோபல் பரிசு பெற்ற ஸ்பானிய விஞ்ஞானி சாந்தியாகோ ரமோன் இ கஜலின் பெயர்தான் அது. இரைப்பை வாத நோயாளிகளின் இரைப்பைச் சுவரிலிருந்து எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது இந்தச் செல்கள் குறைந்திருப்பதுதான். அவற்றைக் காத்து நிற்கும் ஒரு வகை நோயெதிர்ப்புச் செல்களும் கூடவே குறைந்திருக்கின்றன. முன்னே ‘எல்லோரிடமும் இல்லை’ என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். சிலரிடம் மேலிடத்து வயர் பழுது. சிலரிடம் வயர் நன்றாக இருக்கிறது, தாளம் போடுகிறவர்கள் இல்லை. நிறைய பேரிடம் இரண்டும் கலந்து கிடக்கிறது.

சர்க்கரை எப்படி நரம்பைத் தேய்க்கிறது?

காரணம் தெரிந்த இரைப்பை வாதத்தில் சர்க்கரை நோய்க்கு முக்கிய இடம் உண்டு. வருடக்கணக்காக ரத்தத்தில் ஏறியே இருக்கும் சர்க்கரை, நரம்புகளையும் அவற்றுக்குச் சோறு போடும் மெல்லிய ரத்தக் குழாய்களையும் சேர்த்தே கெடுக்கிறது. நீளமான நரம்பு முதலில் அடிபடும். கை கால்களில் அது பாதம், அதனால்தான் எரிச்சலும் மரத்துப்போவதும் கால்விரலில் தொடங்குகின்றன. தானியங்கு நரம்புகளில் மிக நீளமானது வேகஸ். ஓய்விலேயே துடிப்பு ஏறி நிற்பது பெரும்பாலும் முதலில் தெரியும் அடையாளங்களில் ஒன்று.

மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களின் நாடியைப் பிடித்துப் பார்த்தால் இது விளங்கும். அறுவையில் வேகஸ் கிளைகள் அறுபட்டிருப்பதால், புது இதயம் ஓய்விலும் நிமிடத்துக்கு 90, 100 என்று துடிக்கும். இதயத்தின் சொந்த வேகம் அவ்வளவு. நமக்கு 70இல் நிற்கிறது என்றால் வேகஸ் இரவும் பகலும் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சர்க்கரை அந்தப் பிரேக்கைத் தேய்க்கிறது.

அதற்காகச் சர்க்கரை உள்ள எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஓம்ஸ்டெட் மாவட்ட மக்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வில், 10 வருட காலத்தில் இரைப்பை வாதம் வந்தவர்கள் முதல் வகைச் சர்க்கரையில் சுமார் 5 சதவீதம், இரண்டாம் வகையில் 1 சதவீதம், சர்க்கரை இல்லாதவர்களில் 0.2 சதவீதம். அதே மாவட்டத்தில் நோய் உறுதியானவர்கள் லட்சம் ஆண்களில் சுமார் 10 பேர், லட்சம் பெண்களில் சுமார் 38 பேர். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் நரம்புச் சேதம் குறையும் என்பதை 1993இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு முதல் வகை நோயாளிகளிடம் காட்டிவிட்டது. ஒருமுறை தேய்ந்த நரம்பு மறுபடி வளர்ந்து பழையபடி ஆகும் என்று அது சொல்லவில்லை.

இதில் இன்னொரு சிக்கல். நரம்பு நன்றாக இருப்பவருக்குக்கூட, ரத்தச் சர்க்கரை எகிறியிருக்கும் நேரத்தில் வயிறு மெதுவாகத்தான் காலியாகும். சர்க்கரை இறங்கினால் வேகம் கூடும். அதனால் பரிசோதனை அன்று காலை சர்க்கரை 275 மி.கி.க்கு மேல் இருந்தால் சோதனையைத் தள்ளிவைக்கச் சொல்கிறார்கள். வரும் முடிவு நரம்பைப் பற்றிச் சொல்கிறதா, அன்றைய சர்க்கரையைப் பற்றிச் சொல்கிறதா என்று பிரிக்க முடியாது.

இன்சுலின் போடுபவருக்கு இது அன்றாட அவஸ்தை. சாப்பிடும் முன் ஊசி போடுகிறார். மருந்து தன் நேரத்துக்கு வேலையை ஆரம்பிக்கிறது. சாப்பாடு இன்னும் இரைப்பையில். ஒரு மணி நேரத்தில் சர்க்கரை தடாலென்று இறங்கிக் கை நடுங்குகிறது. பயந்துபோய் இனிப்பு எதையோ வாயில் போடுகிறார். மூன்று மணி நேரம் கழித்து, இன்சுலின் ஓயும் வேளையில், தேங்கிய சாப்பாடும் அந்த இனிப்பும் சேர்ந்து குடலுக்குள் இறங்கி, மீட்டர் 300 காட்டுகிறது. ஏறிய சர்க்கரை வயிற்றை மேலும் மெதுவாக்குகிறது. பரிவு நரம்பும் தேய்ந்திருந்தால் கை நடுக்கம், படபடப்பு என்ற எச்சரிக்கையே வராது, நேராக மயக்கம்தான். காரணமில்லாமல் சர்க்கரை மேலும் கீழும் ஆடுகிறது என்று டாக்டரிடம் திட்டு வாங்குபவர்களில் சிலருக்குக் குற்றவாளி இந்தத் தேங்கிய வயிறு. ஊசியைச் சாப்பாட்டுக்குப் பிறகு தள்ளிவைப்பதில் ஆரம்பித்து, டாக்டர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள்.

சர்க்கரை இல்லாதவர்கள்

கணிசமானவர்களுக்குக் காரணமே தெரிவதில்லை. அவர்களில் சிலர் தேதியோடு சொல்வார்கள்: இன்ன வாரம் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தது, அன்றிலிருந்து வயிறு வேலை செய்யவில்லை என்று. வைரஸ் தொற்றுக்குப் பின் வரும் இந்த வகை பெரும்பாலும் தானாகவே தேறும். மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். இவர்களிலேயே தானியங்கு நரம்புகளும் பரவலாக அடிபட்டவர்களுக்குத் தேறுவது கடினமாக இருக்கிறது.

எழுந்து நின்றால் இதயம் படபடக்கும் பாட்ஸ் என்ற கோளாறு உள்ள இளம்பெண்களிடமும் குமட்டலும் உப்புசமும் சகஜம். நின்ற 10 நிமிடத்துக்குள் துடிப்பு 30க்கு மேல் கூடும், ரத்த அழுத்தம் விழாது. அவர்களின் வயிற்றை அளந்தால் சிலருக்குத் தாமதம், சிலருக்கு வழக்கத்தைவிட வேகம். அறிகுறியைக் கேட்டு இரண்டையும் பிரிக்க முடியாது. அளக்காமல் வயிற்றை முடுக்கும் மாத்திரையைக் கொடுத்தால் இரண்டாவது ரகத்துக்கு அது நேர் எதிர் வைத்தியமாகிவிடும்.

பார்க்கின்சன் நோயில் மூளைக்குள் சேரும் தவறான புரதம், வேகஸ் கிளம்பும் முகுளப் பகுதியிலும் சேர்கிறது. அந்த நோயாளிகளுக்கு வயிறு தாமதமாவதில் அதற்குப் பங்கு உண்டு. லெவோடோபா மாத்திரை சில நாள் ‘பிடிக்கவில்லை’ என்று அவர்கள் சொல்வதற்கும் தேங்கிய வயிறு ஒரு காரணம், அந்த மருந்து சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது.

அரிதானவை சில உண்டு. உடம்பின் எதிர்ப்பொருளே தானியங்கு நரம்பு முடிச்சுகளைத் தாக்கும் ஒரு நோய்க்கான ரத்தப் பரிசோதனை 2000த்தில் விவரிக்கப்பட்டது. வாய் வறண்டு, கண்பாவை வெளிச்சத்துக்குச் சுருங்காமல், எழுந்தால் அழுத்தம் விழுந்து, வயிறும் நின்றுபோனால் அதை நினைக்க வேண்டும். எதிர்ப்பு சக்தியை மட்டுப்படுத்தும் சிகிச்சைக்குச் சிலர் நன்றாகவே பதில் சொல்கிறார்கள். நுரையீரலின் ஒரு வகைப் புற்றுநோய், அது கண்டுபிடிக்கப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பே, குடல் நரம்புகளைத் தாக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்கி வயிற்றை நிறுத்திவிடுவதும் உண்டு. உணவுக்குழாய், நுரையீரல், இதயம் சம்பந்தப்பட்ட சிகிச்சைகளின்போது வேகஸில் எதிர்பாராமல் பட்டுவிடுவது இன்னொரு வழி.

மருந்துகளை மறந்துவிடக் கூடாது. மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிமருந்துகள் வயிற்றை நிறுத்தும். எடை குறையவும் சர்க்கரைக்கும் இன்று பரவலாகப் போடப்படும் செமாகுளூட்டைடு போன்ற ஊசிகளின் வேலையிலேயே வயிற்றை மெதுவாக்குவதும் ஒரு பகுதி. 2023 ஜூனில் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம், வாரம் ஒரு முறை போடும் இந்த ஊசியை அறுவைக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்தப் பரிந்துரைத்தது. மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் என்ற பயம்.

இதயத்தைக் கேட்டு இரைப்பையை அறிவது

வயிறு காலியாகும் நேரத்தை அளக்க ஒரு நிலையான சோதனை இருக்கிறது. முட்டை வெள்ளைக்கருவில் துளியளவு கதிரியக்கப் பொருளைக் கலந்து சமைத்து, ரொட்டி, ஜாம், தண்ணீரோடு கொடுப்பார்கள். மொத்தம் 255 கலோரி. பிறகு காமிரா முன் நிறுத்தி 0, 1, 2, 4 மணியில் படம். நாலாவது மணியில் 10 சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் தாமதம். இரண்டே மணி நேரத்தில் சோதனையை முடித்துவிட்டால் தாமதமான வயிறுகளில் ஒரு பங்கு தப்பிவிடும். அப்படி முடிப்பதும் நடக்கிறது.

இரைப்பைக்குப் போகும் வேகஸை நேராக அளக்க அன்றாட மருத்துவத்தில் வழி இல்லை. ஒரு பழைய தந்திரம் உண்டு: சாப்பாட்டைக் கண்ணில் காட்டி, மென்று, விழுங்காமல் துப்பச் சொல்வது. வேகஸ் உயிரோடு இருந்தால், ஒரு கவளம்கூட உள்ளே போகாமலே கணையத்தின் ஒரு ஹார்மோன் ரத்தத்தில் ஏறும். ஏறாவிட்டால் உத்தரவு கீழே போகவில்லை. அழகான சோதனை, ஆனால் ஆராய்ச்சிக் கூடங்களைத் தாண்டி வரவில்லை.

அதனால் பக்கத்து வீட்டில் விசாரிக்கிறார்கள், அதாவது இதயத்தில். டேவிட் யூயிங்கும் அவருடைய எடின்பரோ சகாக்களும் 1970, 80களில் தொகுத்த சோதனைகள்தான் இன்றும் அடிப்படை. நோயாளி ஈசிஜி கம்பிகளோடு படுத்திருக்கிறார். ஐந்து விநாடி மூச்சை இழுக்க வேண்டும், ஐந்து விநாடி விட வேண்டும், நிமிடத்துக்கு 6 முறை. இழுக்கும்போது துடிப்பு ஏறும், விடும்போது இறங்கும். இரண்டுக்கும் இடையே 15 துடிப்பு வித்தியாசம் இருந்தால் நல்லது, 10க்குக் கீழே போனால் வேகஸ் பழுது. வயது கூடக் கூட இந்த எண் தானாகவே குறையும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நன்றாகத் தேய்ந்துபோனவரின் ஈசிஜி தாள் விசித்திரமாக இருக்கும். நெஞ்சு ஏறி இறங்குகிறது, துடிப்புக் கோடுகளோ அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி ஒரே இடைவெளியில்.

அப்புறம், 40 மி.மீ. பாதரச அழுத்தத்துக்கு எதிராக 15 விநாடி ஊதச் சொல்வார்கள். எழுந்து நிற்கச் சொல்லி மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 விழுகிறதா என்று பார்ப்பார்கள். இது பரிவு நரம்புக்கான பரீட்சை. இதற்கு ஒரு பிரஷர் கருவியும் ஐந்து நிமிடம் படுக்கவைக்கும் பொறுமையும் போதும். இவ்வளவு மலிவான பரிசோதனை பல இடங்களில் நடப்பதே இல்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

இதயத்து வேகஸ் பழுது என்றால் இரைப்பையினுடையதும் பழுது என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. இரண்டும் வேறு வேறு இழைகள். ஆனாலும் இரைப்பை வாத நோயாளிகளிடம் வேகஸ் செயல்பாடு குறைந்திருப்பது அடிக்கடி தென்படுகிறது. சர்க்கரை உள்ளவர்களிடம் கூடுதலாக, காரணம் தெரியாதவர்களிடமும் ஓரளவுக்கு.

தேக்கம் ஒன்று, வேதனை வேறு

இப்போது கசாண்டரின் புதிருக்கு வரலாம். வேகஸில் ஓடும் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் மூளையிலிருந்து கீழே உத்தரவு கொண்டுவருபவை அல்ல. கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோபவை. வயிறு எவ்வளவு விரிந்திருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது, போதுமா, குமட்டலாமா என்பதெல்லாம் அந்த வழியாகத்தான் போகிறது. கீழே வரும் வயர் கெட்டால் சாப்பாடு தேங்கும். மேலே போகும் வயர் கெட்டால் அல்லது அது கொண்டுபோகும் செய்தி திரிந்துபோனால் வேதனை மாறும். இரண்டும் ஒரே நரம்புக் கற்றையில் ஓடினாலும் தனித்தனியாகக் கெடலாம்.

சர்க்கரையால் மேலே போகும் இழைகளும் செத்துப்போனவருக்குக் குடம் குடமாகத் தேங்கினாலும் ஒன்றும் தெரியாமல் இருக்கக்கூடும். கசாண்டர் பார்த்தவர்கள் இந்த ரகமாக இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மறுபக்கம், உணர்வு இழைகள் கூர்மையேறிப் போனவருக்குச் சாதாரண அளவு சாப்பாடே சித்திரவதை. அவருக்கு ரிப்போர்ட் நார்மல் என்று வந்தால், ‘எல்லாம் மனசுதான்’ என்று அனுப்பிவிடும் ஆபத்து இருக்கிறது.

2021இல் வெளியான ஓர் அமெரிக்கக் கூட்டாய்வு யார் நோயாளி, யார் இல்லை என்று பிரிக்கும் கோட்டையே கலைத்துப் போட்டது. இரைப்பை வாதம் என்று முத்திரை குத்தப்பட்டவர்களை 48 வாரம் கழித்து மறுபடி அளந்தால், பத்தில் நாலு பேருக்குக் காலியாகும் நேரம் சரியாகியிருந்தது. நேரம் சரியாக இருந்ததால் ‘செயல்பாட்டு அஜீரணம்’ என்று முத்திரை பெற்றவர்களிலும் ஏறக்குறைய அதே அளவினர் எதிர்ப்பக்கம் போயிருந்தார்கள். அறிகுறிகள் மட்டும் அப்படியே. இரண்டு கூட்டத்தின் இரைப்பைத் திசுவிலும் கஜல் செல் குறைபாடு. காலியாகும் சதவீதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஒருவரை நோயாளி, இன்னொருவரை இல்லை என்று பிரிப்பது தப்பான இடத்தில் கோடு போடுவது என்பதே என் எண்ணம்.

சிகிச்சையிலும் இதே கதை. இரைப்பைச் சுவரில் மின்முனைகளை வைத்துத் தூண்டும் கருவிக்கு அமெரிக்க அரசு 2000த்தில் வரம்புக்குட்பட்ட அனுமதி கொடுத்தது. அது வயிற்றைப் பெரிதாக வேகப்படுத்துவதில்லை. ஆனால் சிலருக்கு வாந்தி குறைகிறது. மேலே போகும் வேகஸ் இழைகள் வழியாக மூளையிடம் பேசுகிறது என்பதே நிபுணர்கள் பலரின் விளக்கம். 2013இல் தொடங்கிய எண்டோஸ்கோப்பி வழி பைலோரஸ் தசையை வெட்டும் முறை, கதவுதான் பிரச்சினை என்று இருப்பவர்களுக்குக் கைகொடுக்கிறது. யார் அந்த ரகம் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதில்தான் தகராறு.

நரம்பு நிலைமை தெரிந்திருந்தால் மருந்து எழுதுவதும் மாறும். தானியங்கு நரம்பு தேய்ந்த இதயத்தின் ஈசிஜியில் க்யூடி இடைவெளி, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் மின்தூண்டல் தொடங்கி அடங்கும் வரையிலான நேரம், நீண்டிருக்க வாய்ப்பு அதிகம். வயிற்றை முடுக்கக் கொடுக்கும் டாம்பெரிடோன், எரித்ரோமைசின் இரண்டும் அதே இடைவெளியை இன்னும் நீட்டக்கூடியவை. சிசாப்ரைடு என்ற மருந்து 2000த்தில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டதே இதயத் தாளம் கெட்டதால்தான். ஆக, மாத்திரை எழுதும் முன் ஓர் ஈசிஜி. எழுந்தால் அழுத்தம் விழுபவருக்கு வாந்தியால் நீர்ச்சத்தும் போனால் மயங்கி விழுவார். அவருக்கு நீரும் உப்பும் வயிற்று மருந்துக்கு இணையான வைத்தியம். சாப்பிட்டதும் படுக்காமல் இருக்கச் சொல்கிறோம், ஆனால் சாப்பாட்டுக்குப் பின் அழுத்தம் விழுபவரை உடனே நடக்கச் சொல்லக் கூடாது, உட்கார வைக்க வேண்டும்.

சாப்பாட்டு முறை எல்லோருக்கும் ஒன்றுதான்: கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, கொழுப்பும் நாரும் குறைத்து, நன்றாக மசித்து. இரைப்பை அரைக்க மறுப்பதை வெளியிலேயே அரைத்துக் கொடுக்கிறோம். முடியாத நாட்களில் திரவம்.

மாத்திரைக்கும் அதே விதி பொருந்தும். மெட்டோகுளோபிரமைடு அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே அனுமதி பெற்ற ஒரே மருந்து. கை, வாய், நாக்கில் நிற்காத அசைவுகள் வந்துவிடும் அபாயத்தால் 12 வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று 2009 முதல் அதன் உறையிலேயே கடும் எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் அதை விழுங்கும் நோயாளிக்கு முதல் பிரச்சினை வேறு: வயிற்றை நகர்த்த வேண்டிய மாத்திரையும் வயிற்றிலேயே கிடக்கிறது. உறிஞ்சப்பட அது முதலில் பைலோரஸைத் தாண்ட வேண்டும். அதனால்தான் அதைத் திரவமாகக் கொடுக்கிறார்கள், ஊசியாகப் போடுகிறார்கள். 2020இல் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகவும் அதற்கு அனுமதி கிடைத்தது.